ஆறு முறை பாடிய தாலாட்டு

வானொலியில் ஒரு பாட்டைக் கேட்கும்பொழுது, பாடியவர் அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே தடவையிற் பாடி முடித்தார் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மை பெரும்பாலும் அதுவன்று. ஒரே பாட்டைப் பலமுறை பாடுவித்துப் பதிந்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பகுதியை எடுத்து ஒன்றாக இணைப்பது ஒலிப்பதிவுக் கூடங்களின் வழக்கம். அவ்வேலையை நானே செய்ய நேர்ந்தபோதுதான் அதன் அருமையும் ஆபத்தும் எனக்கு விளங்கின.

லண்டனிலே பிறந்த தம் பேரப்பிள்ளைக்கு, எங்கள் தாயார் பாடிய தாலாட்டைப் பாடி அனுப்ப வேண்டுமென்று என் தமக்கையார் விரும்பினார். அவருக்கு அப்போது வயது 74. வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு மென்பொருள் இருந்தது. சுருதியொலி அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி செய்தேன். அதுவும் குரலோடு சேர்ந்து பதிந்துவிட்டால், வெட்டி ஒட்டும் இடந்தோறும் துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாடி முடிந்ததும், "தம்பி, குரல் பிசகிப் போச்சு. இன்னொருக்காப் பாடட்டோ?" என்பார். இப்படியே ஆறு முறை. திரையில் ஆறு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏணிப்படிகள் போல நின்றன. முதலடியை இரண்டாம் பதிவிலிருந்தும் அடுத்த அடியை ஐந்தாம் பதிவிலிருந்தும் தெரிவு செய்தேன். தாளக்கட்டின்றிப் பாடியமையால் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்த வேண்டியிருந்தது. மூட்டுவாயில் ஒன்று தேய மற்றது வளருமாறு, சில மில்லிசெக்கன் நேரம் இரண்டையும் கலந்துவிட்டால் 'டிக்' என்னும் ஒலி எழாது.

இக்கலை புதியதன்று. 1966இல் பீற்றில்ஸ் குழுவினர் 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்' என்ற பாட்டைப் பதிந்தபோது, ஜோன் லெனனுக்கு ஒரு பதிவின் தொடக்கமும் மற்றொன்றின் முடிவும் பிடித்திருந்தன. இரண்டும் வேறு சுருதி, வேறு வேகம். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் வேகத்தை மாற்றி, 7ஆம் பதிவையும் 26ஆம் பதிவையும் ஒட்டி ஒன்றாக்கினர். அவர்கள் நாடாவையே வெட்ட வேண்டியிருந்தது. கணினியிலோ மூலப் பதிவுகள் சிதைவதில்லை. எத்தனை முறையும் மாற்றலாம்.

அந்த வசதியே என்னை மயக்கிற்று. மூச்சொலிகளையெல்லாம் அகற்றினேன். தமக்கையார் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனா மூச்சு விடாமல் ஆர் தம்பி பிள்ளையை நித்திரையாக்கிறது?"

மூச்சுகளை மீண்டும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினேன். எஞ்சிய பதிவுகளை அழித்துவிட எண்ணியதுண்டு, சோம்பலினால் விட்டுவிட்டேன்.

மறு ஆண்டு தமக்கையார் காலமானார். அந்தியேட்டி முடிந்த இரவு, உறக்கம் வராமல் அப்பதிவுகளைத் திறந்து கேட்டேன். நாலாம் பதிவிலிருந்து ஓரடியேனும் நான் எடுத்தேனல்லேன். இடையிலே பாட்டை நிறுத்திப் பேசியிருந்தமையால் அதனைப் பழுதென்று ஒதுக்கியிருந்தேன். அதில் அவர், "பொறு தம்பி, அம்மா இந்த இடத்திலை குரலைத் தாழ்த்துவா, பிள்ளை கண் மூடுற நேரமெல்லே," என்று சொல்லி, அவ்வடியைத் தாழ்ந்த குரலிற் பாடிக் காட்டுகின்றார். நான் சுருதிச் சுத்தம் பார்த்து எடுத்த அடியில் அந்தத் தாழ்வு இல்லை. பேரப்பிள்ளைக்கு நான் அனுப்பியது பிழையற்ற தாலாட்டுத்தான்; ஆயின் எங்கள் தாயாரின் தாலாட்டு அன்று.

அன்றிரவே அவ்வடியை மாற்றி இணைத்தேன். பேச்சையும் வெட்டாமல், நாலாம் பதிவை முழுமையாக உடன் அனுப்பிவைத்தேன்.

நல்லதைத் தெரிவு செய்யக் கற்றவன், ஒதுக்கியதைக் காத்துவைக்கவும் கற்கவேண்டும். எது பழுது, எது பொருள் என்பது பதிந்த அன்றே தெரிந்துவிடுவதில்லை.