லீவர் திருகைத் தொடுகிறதா?

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 லாரிகளில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து ஒயர் போகிறது, அவ்வளவுதான். நாமக்கல், சங்ககிரி பக்கம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லேலண்ட், டாடா வண்டிகள் பலவற்றில் பெடலுக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவே இருப்பது இரும்பு ராடு. அந்த ராடைச் சரியாக வைத்துக் கொடுக்கும் கை குறைந்துகொண்டே வருகிறது. அப்படி ஒரு கையைத் தேடியபோது, லாரி வைத்திருக்கும் நண்பர்தான் வழி சொன்னார்: "நாமக்கல்ல ஒருத்தர் இருக்காருங்க. பம்ப்பை இறக்காமயே பாதி வண்டிய அனுப்பிருவாரு. போய்ப் பாருங்க."

பாடி கட்டும் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சத்தைத் தாண்டி உள்ளே போனால் அவருடைய பம்ப் ரூம். கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. இந்தத் தொழிலில் தூசிதான் முதல் எதிரி. நடுவில் டெஸ்ட் பெஞ்ச்: மோட்டார் பம்ப்பைச் சுழற்ற, ஆறு நாசில்கள் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசலைப் பீய்ச்சுகின்றன. ஆறு குழாயிலும் மட்டம் ஒன்றாக நிற்கும்வரை திருத்திக்கொண்டே இருக்கிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பிளஞ்சர். பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத எஃகுத் துண்டு. அதுவும் அது ஓடும் பேரலும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி; பட்டறையில் இதற்கு எலிமெண்ட் என்று பெயர். ஒன்றை எடுத்து இன்னொரு ஜோடியில் போட முடியாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அவர் இரண்டையும் சுத்தமான டீசலில் முக்கி எடுத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டார். அது தன் எடைக்கே மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. விருட்டென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். நடுவில் நின்றுவிட்டால் கீறல். எந்தக் கருவியும் வேண்டியதில்லை, கண்ணும் விரலும் போதும்.

ராசிபுரம் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பா தறி ஓட்டியவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பம்ப் பட்டறையில் பாகங்களை டீசலில் கழுவும் பையனாகச் சேர்ந்தார். கழுவத்தான் விட்டார்கள், தொட்டுப் பூட்ட வருடக்கணக்கில் விடவில்லை. அந்தக் காலத்தில் இங்கே பம்ப் என்றாலே மைக்கோதான். ஜெர்மனியில் ராபர்ட் போஷின் நிறுவனம் 1927இல் டீசல் பம்ப்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1951இல் அதன் இந்தியக் கூட்டு நிறுவனமான மைக்கோ பெங்களூரில் தொடங்கியது. 2008இல் அதற்கு போஷ் என்றே பெயர் மாறிவிட்டாலும் இவர் வாயில் மைக்கோ போகவில்லை. டீசலிலேயே ஊறிய அவர் விரல் நுனிகளில் தோல் வழுவழுவென்று இருக்கிறது. கையெழுத்து போட்டால் போதும், ரேகை கேட்டால்தான் சிக்கல் என்றார்.

மதியத்துக்கு மேல் சிமென்ட் லோடு அடிக்கும் பத்துச் சக்கர லாரி ஒன்று வந்தது. டிரைவர் இறங்கியதுமே ஆரம்பித்தார்.

"ரேஸ் ஏற மாட்டேங்குதுங்கண்ணா. நாப்பத்தஞ்சத் தாண்ட மாட்டேங்குது. பம்ப் போயிருச்சு, எலிமெண்ட் மாத்தோணும்னு சொல்றாங்க."

"யாரு சொன்னது?"

"வண்டிய இங்க உடச் சொன்ன புரோக்கருங்க."

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. என்ஜினை நிறுத்தச் சொன்னார். உதவிக்கு இருந்த பையனை கேபினில் ஏற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு பம்ப்புக்குப் பக்கத்தில் குனிந்தார். "மிதிச்சாச்சுங்கண்ணா" என்று மேலிருந்து குரல் வந்தது. பம்ப்போடு சேர்ந்த கவர்னரின் பக்கவாட்டில் இருக்கும் லீவர், அதைத் தடுத்து நிறுத்தும் மேக்ஸிமம் திருகை நோக்கி நகர்ந்து, ஒரு விரற்கடைக்கு முன்பே நின்றுவிட்டது.

இந்த பம்ப்பில் பெடல் கேட்பது வேகத்தை. அந்த வேகத்துக்கு எவ்வளவு டீசல் என்று முடிவு செய்து, ரேக்கை நகர்த்தி, ஆறு பிளஞ்சர்களையும் ஒருசேரத் திருப்புவது கவர்னர். லீவர் திருகைத் தொடாவிட்டால் கவர்னருக்குக் கேட்பது அரைக் குரல்தான். பம்ப் புதிதாகவே இருந்தாலும் வண்டி போகாது.

கேபினில் ஏறிப் பார்த்தார். டிரைவர் புதிதாகப் போட்டிருந்த தடித்த மேட் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை எடுத்த பிறகும் கொஞ்சம் குறைந்தது. ராடு முனையில் பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடியது. அதை மாற்றினார். லாக் நட்டைத் தளர்த்தி ராடின் நீளத்தைத் திருத்தினார். லீவருக்கும் திருகுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, பையனை மிதிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை.

அதோடு முடியவில்லை. லீவர் திருகைத் தொடும் அதே நேரத்தில் பெடலும் கீழே இருக்கும் ஸ்டாப்பரில் உட்கார வேண்டும். இல்லையென்றால் டிரைவரின் கால் பாரம் முழுக்க லீவர் மேல் இறங்கி, அதை வளைத்துவிடும். காலை எடுத்தால் லீவர் ஐட்லிங் திருகுக்கு முழுதாகத் திரும்ப வேண்டும். ராடை இழுத்துக் கட்டிவிட்டால் திரும்பாது. "தொப்பூர்ல லோடோட இறங்கறப்ப கால எடுத்தும் ரேஸ் தணியலன்னா, எல்லாத்தையும் பிரேக்கு ஒண்ணே தாங்கோணும்" என்றார். தொப்பூர் கணவாயில் லாரிகள் கவிழ்ந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. ஐந்நூறு ரூபாய் வாங்கினார். பம்ப்பை இறக்கி, எலிமெண்ட் மாற்றி, பெஞ்சில் ஏற்றியிருந்தால் பில் பல ஆயிரம் போயிருக்கும். அதில் புரோக்கருக்கும் பங்கு போயிருக்கும். இப்போது அந்த புரோக்கர் அடுத்த வண்டியை இங்கே அனுப்ப மாட்டார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வண்டியைத் தொடாதவன் பில்லின் அளவைத் தீர்மானிக்கிறான். பழைய வண்டி விற்கும் புரோக்கர்கள் இன்னும் ஒரு படி மேல். பம்ப்பில் இருக்கும் ஈயச் சீலை உடைத்து, டீசல் அளவுத் திருகை முறுக்கிவிடச் சொல்கிறார்கள். வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போது புல்லிங் பிரமாதம். பிறகு கரும்புகை, கொதிக்கும் என்ஜின், உருகும் பிஸ்டன், அடைபடாத ஃபைனான்ஸ் தவணை. ஒரு வண்டியை மட்டும் நம்பி வாழ்கிற குடும்பம் அதில் முழுகிப் போகிறது. கெட்ட பெயர் மட்டும் பம்ப் மெக்கானிக்குக்கு. இவர் அப்படிச் சீலை உடைக்க மறுத்து இழந்த வாடிக்கைகள் நிறைய. தன்னிடம் வேலை கற்ற இரண்டு பையன்கள், வருமானம் போதாமல் பாடி பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், முதலில் என்ஜினை நிறுத்திவிட்டு, மேட்டை எடுத்துவிட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி லீவர் திருகைத் தொடுகிறதா என்று நீங்களே பாருங்கள். பம்ப்பைப் பிரிக்க வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னால், பிரித்துப் பூட்டியவருக்குக் கொடுப்பதுபோல அவருக்கும் மனமாரக் கூலி கொடுங்கள்.