பென்ச்சில உக்காந்த பிள்ளை

ரெண்டு வாரமா எழுத முடியல. சம்பாவுக்கு நாத்தங்கால் வேலை ஒரு பக்கம், பெரியம்மா மகன் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் ஒரு பக்கம்.

திருக்கடையூர்க்காரங்களுக்கு அறுபதாம் கல்யாணம் புதுசில்ல. முகூர்த்த நாள்ல அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குள்ள எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமா ஒரு ஜோடி உக்காந்திருக்கும். செலவு பெரும்பாலும் பிள்ளைங்களோடது. சென்னை, பெங்களூரு ஐ.டி. சம்பளம் எங்க ஊரு பூக்கடை, லாட்ஜ், ஆட்டோ, சமையல்காரர் வரைக்கும் வந்து சேருது.

அண்ணன் மகனும் சென்னையில ஒரு பெரிய கம்பெனியிலதான் இருக்கான். 11 வருஷம் ஆச்சு. கலசத் தண்ணி ஊத்துறப்பகூட போனையே பார்த்துக்கிட்டிருந்தான், அண்ணி சத்தம் போட்டாங்க. பந்தி முடிஞ்சதும், "சித்தப்பா, வயலப் பாத்துட்டு வருவோமா"ன்னு கூப்பிட்டான். குறுவை கதிர் பால் பிடிச்சு நிக்குது. வரப்புல உக்காந்தப்பறம்தான் சொன்னான்.

"ஒரு மாசமா பென்ச்ல இருக்கேன் சித்தப்பா."

பென்ச்னா வேலை கொடுக்காம சம்பளம் மட்டும் கொடுத்து உக்கார வைக்கிறதாம். அமெரிக்காக்காரன் கொடுத்த வேலை முடிஞ்சு போச்சு, அடுத்தது வரல. போன வாரம் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, மூணு மாச சம்பளம் தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. தாம்பரம் பக்கம் வாங்குன ஃபிளாட்டுக்கு இன்னும் 14 வருஷம் தவணை இருக்கு. அப்பாவுக்கு விஷயம் தெரியாது. கல்யாணம் முடியட்டும்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான்.

ஜூலை கடைசியில பேப்பர்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. டி.சி.எஸ். கம்பெனியில சுமார் 12,000 பேரை எடுக்கப் போறாங்கன்னு. 2025 ஜூன்ல ஆறு லட்சத்துக்கு மேல ஆள் இருந்த இடம், அதுல 2 சதவீதம். அதுவும் நடுத்தர, மேல்மட்ட அனுபவஸ்தங்கதான் அதிகமாம். செயற்கை நுண்ணறிவால இல்ல, திறமைக்கேத்த இடம் இல்லாததாலன்னு அதன் தலைவர் கிருத்திவாசன் சொன்னார். இவன் இருக்கிறது வேற கம்பெனி. ஆனா பெரிய இடத்துல நடந்தா மத்த இடத்துலயும் தைரியம் வந்துடும்னு சொல்றான்.

இன்னொண்ணும் சொன்னான். டி.சி.எஸ்.ல வருஷத்துக்கு 225 நாளாவது கிளையண்ட் வேலையில இருக்கணும், பென்ச்சுல 35 நாளுக்கு மேல உக்காரக்கூடாதுன்னு புது விதி. அது நடைமுறைக்கு வந்த நாள் ஜூன் 12. மேட்டூர் திறந்த அதே நாள்! இங்க நாங்க தண்ணி வருதுன்னு கும்பிட்டுக்கிட்டிருந்தோம். 35 நாள்னா நமக்குப் புரியும். குறுவை நாத்தை 25 நாள்ல பறிச்சு நடணும், 35 ஆனா முத்திப்போயிடும். ஆனா நாத்தா வந்து என்னை நடுன்னு சொல்லும்? நடாம வச்சிருந்தது யாரு?

மயிலாடுதுறையில எனக்குத் தெரிஞ்ச வக்கீலுக்குப் போன் போட்டேன். 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செஞ்சா ஒரு மாச நோட்டீஸ் இல்ல அதுக்கான சம்பளம், பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்கணும்னு இருந்துச்சாம். இவன் தொழிலாளியா, மேனேஜரான்னுதான் முதல் சண்டை வரும்னார். "ஆனா தானா எழுதிக் கொடுத்துட்டா அது ஆட்குறைப்பே இல்ல, அவசரப்பட்டு கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லுங்க"ன்னார். 2015 ஜனவரியில இப்படி நிறுத்தின ஒரு கர்ப்பிணிப் பொண்ணு சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினதையும் சொன்னார்.

கம்பெனிக்காரங்களைத் திட்டிக்கிட்டே வரப்புல உக்காந்திருந்தேன். திட்டுறப்பவே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. எங்க வயலுக்கு அப்பா காலத்துலேர்ந்து அறுப்புக்கு வந்த ஆளுங்க பதினாறு பேர். கூலி நெல்லா அளப்போம். பெல்ட் மிஷின் வந்த வருஷம் நான் அறுப்புக்கு ஆள் சொல்லி விடல. ‘இனிமே வராதீங்க’ன்னும் சொல்லல. சொல்லாமலே விட்டுட்டேன். அதுல ஒரு அம்மா, அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டு வந்து, மிஷின் ஓடுறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் திரும்பிப் போச்சு. ஒரு வார்த்தை பேசல. மழைக்கு முன்னாடி அறுத்தாகணும், ஆள் கிடைக்கல, கூலி கட்டல, எல்லாம் நிஜம்தான். கம்பெனிக்காரனும் இதையேதான் சொல்றான்.

1952-ல தஞ்சை ஜில்லாவுக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, பண்ணையாளை இஷ்டத்துக்கு நீக்கக்கூடாதுன்னு. நிறைய மிராசுதார்கள் பண்ணையாள் வைக்கிறதையே நிறுத்திட்டு தினக்கூலிக்கு மாறிட்டாங்க. இப்ப கான்ட்ராக்ட்னு சொல்றாங்களே, அது மாதிரிதான்.

"அப்பாகிட்ட எப்படி சித்தப்பா சொல்றது?"ன்னான். இன்னிக்கு வேணாம், நாளைக்கு நீயே சொல்லுன்னேன். சொல்லிட்டான். ராத்திரி அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "ஏன்டா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா மண்டபம் வேணாம்னு சொல்லியிருப்பேனே. கோயில்ல மாலை மாத்திட்டு வந்திருப்போம்"னார். வேற எதுவும் பேசல.

இவன் சென்னைக்குப் போயிட்டான். இன்னும் கையெழுத்துப் போடல. திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்காங்களாம்.