293ஆம் பக்கம்

நானே எழுதி நானே கிண்டிலில் வெளியிட்ட புத்தகங்கள் இரண்டு. ஒன்று, எஸ்.க்யூ.எல் நேர்முகத் தேர்வுக்கான கையேடு. மூன்று வார இறுதிகளில் முடித்தேன். இன்னொன்று நாவல். ஆறு வருஷம். எது விற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை அப்பா கேட்பார்.

"எதுடா ஓடுது?"

"கம்ப்யூட்டர் புக்குதான்ப்பா."

"அப்ப அதையே இன்னொண்ணு எழுது."

முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். உப்பும் புளியும் தேடி வந்து வாங்குவாங்க, ஏலக்காயை நாமதான் எடுத்துக் காட்டணும் என்பார். பதிப்புலகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கிட்டத்தட்ட இதற்குள் அடக்கம். திங்கட்கிழமை இன்டர்வியூ இருப்பவர் என் கையேட்டைத் தேடி வருகிறார். நாவலை யாரும் தேடுவதில்லை. அப்படியொன்று இருப்பதே தெரியாது.

கதைகளிலும் உப்பு புளி உண்டு. சென்னைப் புத்தகக் காட்சியில் பொன்னியின் செல்வன் கடைக்குக் கடை, விதவிதமான விலையில் அடுக்கியிருக்கும். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானதால் யாரும் அச்சிடலாம். ஆனால் வாங்குபவர் அரங்குக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிட்டார். 1950இல் வார இதழில் தொடங்கிய தொடர்கதை, வீட்டுக்கு வீடு பேசப்பட்டு உருவாக்கிய தேவை அது. எனக்கு அந்த வசதி இல்லை.

சரி, பைதான் கையேடு ஒன்று எழுதலாம் என்று ஃபைல்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அது நடந்தது.

கிண்டில் அன்லிமிடெட்டில் வாசிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான் பணம். எந்தப் புத்தகத்தில் எந்த நாளில் எத்தனை பக்கம் என்று காட்டும். யார் என்று காட்டாது. கையேட்டின் வரைபடம் கூட்டம் நிறைந்த பேருந்து மாதிரி, ஒரு முகமும் தனியாகத் தெரியாது. நாவலுக்கு மூன்று வாரம் வெறும் பூஜ்யம். பிறகு ஒரு நாள் 38. மறுநாள் 52. ஒரு நாள் இல்லை. பின் 61, 44, 29, 57. யாரோ ஒருவர். இரண்டு பேராகவும் இருக்கலாம்தான், ஆனால் எனக்கு அவர் ஒருவர்தான். ஆபீஸில் பில்ட் ஓடும் நேரத்திலெல்லாம் போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் சும்மா இருந்தார். அப்புறம் 12. அத்தோடு சரி.

கூட்டினால் 293. அமேசான் கணக்கில் நாவல் 412 பக்கம்.

அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். பதினேழாம் அத்தியாயம். தங்கை வீட்டைவிட்டுப் போகும் இடம். ஒரு போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியபோது இரண்டே இரவில் எழுதியது. அவள் ஏன் போகிறாள் என்று அண்ணன் ஒரு பக்கம் விளக்கம் சொல்கிறான்; அவள் வாயே திறக்கவில்லை. அப்போதே தெரியும். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒருவர் கவனித்துவிட்டார். அவர் திரும்பி வரமாட்டார். இருந்தாலும் இப்போது அந்த அத்தியாயத்தைத்தான் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதமும் அப்பா கேட்டார். சொன்னேன்.

"அது போகாத சரக்குடா."

"ஆமாப்பா."

போகாத சரக்கையும் வண்டு வைக்காமல் அவர் வெயிலில் காயவைத்து எடுப்பார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.