கட்டிக்குள் நுழைந்த குழியங்கள்

நிர்ப்பீடனத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டை, பகைவர், படை என்னும் உவமைகளையே கையாளுவர். போரைக் கண்டறிந்த நம்மவர்க்கு அது எளிதில் விளங்கும். ஆயினும் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வுவமை முழுவதும் பொருந்துவதன்று. இங்கு பகைவன் புறத்தேயிருந்து வந்தவனல்லன். உடலின் சொந்தக் கலமே முறைதவறிப் பெருகுகின்றது.

என் பெரியம்மா சூலகப் புற்றுநோயுற்றிருந்த காலத்தில், "தம்பி, காய்ச்சலெண்டால் உடம்பு தானே மாத்திப்போடும், இதை மட்டும் ஏன் பாத்துக்கொண்டு நிக்குது?" என்று வினவினார். உயிரியல் கற்பவனுக்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவரது நம்பிக்கை. அவ்வினாவே என்னை நூலகத்துக்கு அனுப்பிற்று.

உடல் வாளாவிருப்பதில்லை என்பதற்குத் தெளிவான சான்றொன்று 2003 இல் வெளிவந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கூக்கோஸ் முதலானோர் முற்றிய நிலைச் சூலகக் கட்டிகள் 186 ஐ ஆராய்ந்தனர். அவற்றுள் 102 இல் புற்றுக்கலத் திரள்களின் நடுவே ரி நிணநீர்க்குழியங்கள் காணப்பட்டன. அவ்வாறு காணப்பட்டோருள் 38 வீதத்தினர் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்ந்தனர், காணப்படாதோருள் 4.5 வீதத்தினரே வாழ்ந்தனர். பெரியம்மாவின் கட்டியில் எவரும் இதனைத் தேடவில்லை. தேடியிருப்பினும் அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை மாறியிராது என்பதை அறிந்தபோது, அவ்வெண்களை அவரிடம் கூறாது விட்டேன். உடம்பு சும்மா நிற்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அங்ஙனமாயின் தடை யாது? 2004 இல் வெளியான பிறிதோர் ஆய்வு வியப்புக்குரிய விடையொன்றைத் தந்தது. சூலகக் கட்டி ஒருவகை இரசாயனச் சைகையை வெளிவிட்டு, ஒழுங்காக்கும் ரி குழியங்களைத் தன்பால் அழைக்கின்றது. இவை தீயன அல்ல. உடல் தன்னைத்தானே தாக்காது காப்பவை இவையே. பாதி அந்நியமான சிசுவைத் தாயுடல் பொறுத்துக்கொள்ளவும் துணைநிற்பவை. இவை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே 2025 இல் ஷிமோன் சக்காகுச்சி உள்ளிட்ட மூவர் நோபல் பரிசு பெற்றனர். தாய்மைக்கு உதவும் அதே பொறுமையைக் கட்டியும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. போர் உவமையில் இதற்கு இடமேது?

ரி குழியங்களின் தடையை நீக்கும் மருந்துகளுக்கு வழிகோலிய அலிசனும் ஹொஞ்ஜோவும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் பத்திரிகைகள் 'புற்றுநோய்க்கு மருந்து' என எழுதுவது எனக்கு உவப்பானதன்று. எந்தப் புற்றுநோய்க்கு என்பதன்றோ வினா! கருப்பை அகவணிப் புற்றுநோய்களுள் ஒரு பகுதியில் டீ.என்.ஏ. பிழைதிருத்தும் பொறிமுறை பழுதுற்றிருக்கும். அதனால் விகாரங்கள் மலிந்து, அக்கலங்கள் அந்நியமாய்த் தோன்றும். அத்தகையோருக்கு இம்மருந்துகள் நன்கு பயன்படுகின்றன. சூலகப் புற்றுநோயிலோ பெம்புறொலிசுமாப் மருந்தைத் தனியே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானோரிடமே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிற்று. இரண்டும் ஒரே இடுப்பறையில், சில அங்குல இடைவெளியில் தோன்றுவன.