இரைந்த பெட்டியைத் தேடி

பிரயாணம் செய்வோரிற் சிலர் கோயில்களைக் காணச் செல்வர். சிலர் கோட்டைகளைக் காணச் செல்வர். இங்கிலாந்துக்குச் சென்றபொழுது நாம் காண விரும்பியது ஒரு மரப்பெட்டியை. அதுவும் நல்ல பெட்டியன்று. நாதத்தைத் தரவேண்டிய வேளையில் இரைச்சலைத் தந்த பெட்டி. அதனை நேரிற் காண இயலாது என்பதை அறிந்தே புறப்பட்டோம். எனினும், அது முழங்கிய இடத்தையும் தலைகுனிந்த இடத்தையுமாவது பார்த்து வரலாம் என்பது எமது எண்ணம்.

லண்டன் யூஸ்ரன் நிலையத்திற் புகையிரதம் ஏறினால் இரண்டேகால் மணி நேரமளவில் லிவர்பூல் லைம் வீதி நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் மத்தியூ வீதி. மேர்சி ஆற்றுத் துறைமுகத்திற் கப்பல்கள் நெருங்கி நின்ற காலத்திற் பழங்களைச் சேர்த்து வைத்த களஞ்சியங்கள் இவ்வீதியின் இருமருங்கும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் நிலவறையிலே 1957ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி ஓர் இசைக்கூடம் திறக்கப்பட்டது. குகை என்னும் பொருள்படக் 'கவேர்ன்' என்று அதற்குப் பெயரிட்டனர். பீற்றில்ஸ் என்று பின்னர் உலகம் அறிந்த இளைஞர்கள் 1961 பெப்ரவரி முதல் 1963 ஓகஸ்ட் வரை இங்கே 292 தடவை வாசித்தனர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

இன்று நாம் இறங்கிச் செல்லும் நிலவறை பழையது அன்று. பழைய கூடம் 1973இல் மூடப்பட்டு, கட்டடமும் இடிக்கப்பட்டது. பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டு, பழைய இடத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து, 1984இல் மீண்டும் கட்டினார்கள். வளைந்த செங்கற் கூரையும், அதன் கீழே ஒடுங்கிய மேடையும் முன்போலவே அமைக்கப்பட்டுள்ளன. நண்பகலில் நாம் சென்றபொழுது ஓர் இளைஞர் தனியே பாடிக்கொண்டிருந்தார். அவருடைய கிற்றாரின் ஒவ்வொரு தந்தியும் மணிபோலத் தனித்தனியே கேட்டது.

"இவ்வளவு தெளிவாக அக்காலத்தில் எதுவுமே கேட்டதில்லை" என்று பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. திரும்பினோம். எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவர். கையில் தேநீர்க் கோப்பை. தாமும் இளமையில் ஒரு சிறு குழுவிற் பேஸ் கிற்றார் வாசித்தவர் என்றார். நாம் தேடி வந்த பொருளைச் சொன்னதும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

முதியவரின் பெட்டி

பேஸ் கிற்றார் என்பது நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட மந்தர ஸ்தாயிக் கருவி. பாட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது அதன் தொழில். வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ அப்படி. ஆனால் அதற்குச் சொந்தக் குரல் மிகச் சிறிது. மின்சார ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்தாலன்றி அடுத்த கதிரையில் இருப்பவருக்கும் கேளாது. எனவே பெட்டி எவ்வழி, கலைஞன் அவ்வழி.

"என் பெட்டியைத் தவணைப் பணத்திற்கு வாங்கினேன். வயது போதாமையால் என் தந்தை பிணை நின்று கையெழுத்திட்டார். பதினைந்து வாற்றுப் பெட்டி. பத்து அங்குல ஸ்பீக்கர். தடித்த தந்தியை மீட்டினால் தகரக் குவளைக்குள் வண்டு புகுந்தது போலிருக்கும். ஒரு மாதத்தில் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு கிழிந்தது. பொதி கட்டும் தாளையும் பசையையும் கொண்டு என் தாயார் ஒட்டித் தந்தார். பெட்டியின் முகத்தைச் சுவர் மூலைக்குத் திருப்பி வைத்தால் ஒலி சற்றுக் கனக்கும் என்று கண்டுகொண்டேன். அதனால் என் பெட்டி எப்பொழுதும் குற்றம் செய்த பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்தே நிற்கும்."

அவர் சொன்ன குறைகளுக்குக் காரணம் உண்டு. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அவ்வதிர்வு காற்றில் எழுப்பும் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. இத்துணை நீண்ட அலையை வலுவாக எழுப்புவதற்கு அகன்ற கூம்பு வேண்டும். அது முன்னும் பின்னும் நன்கு அசைய வேண்டும். அதனை அசைக்க மிக்க மின்வலுவும் வேண்டும். அந்நாட்களில் இளைஞர்கள் கைக்கு எட்டிய பெட்டிகளிற் பல, சாதாரண கிற்றாருக்கென அமைந்தவை. அவற்றின் பின்புறம் திறந்திருக்கும். கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் பெட்டியின் ஓரத்தைச் சுற்றிச் சந்தித்து, தாழ்ந்த ஒலியிற் பெரும்பகுதியைத் தம்முள் அழித்துவிடும். போதாதென்று வலுவைக் கூட்டினால் வால்வுகள் திணறும், கூம்பு கிழியும்.

இந்த நிலவறையோ பெட்டிகளுக்கு எமலோகம். காற்றோட்டம் அற்ற இடத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்க, வியர்வை ஆவியாகிச் சுவர்களில் நீராய் வழிந்தது. ஈரத்தினால் மின்சாரம் தடைப்பட்டு இருள் சூழ்வதும், அவ்வேளைகளிற் பீற்றில்ஸ் இளைஞர்கள் வேடிக்கை பேசியும் பாடியும் கூட்டத்தை மகிழ்விப்பதும் வழக்கமாம்.

"பிறகு உங்கள் குழு என்ன ஆயிற்று, ஐயா?" என்று கேட்டோம்.

"குழு நன்றாகத்தான் நடந்தது. நான்தான் அதில் இல்லை. ஒரு நாள் தேவாலய மண்டபமொன்றில் வாசிக்கையில் என் பெட்டியிலிருந்து புகை எழுந்தது. அடுத்த வாரம் நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பெட்டி வைத்திருக்கும் ஒருவனைக் கண்டிருக்கிறோம் என்றார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். பழகிக்கொள்வான் என்றார்கள்."

சற்றுநேரம் மேடையைப் பார்த்திருந்துவிட்டு மேலும் சொன்னார்: "அந்தப் பெட்டிக்கு அதன்பின்னும் எட்டு மாதம் தவணை கட்டினேன்."

பெட்டியால் வந்த வாழ்வு

அவர் கூறியது மிகையன்று. 1962 டிசெம்பரில் லண்டன் செல்சீப் பகுதியிலுள்ள ஒரு மதுவிடுதியிற் றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் புதிய குழுவினர் பேஸ் கலைஞர் ஒருவரைப் பரீட்சித்தனர். வந்தவர் பில் வைமன். அவரைக் கண்டு அவர்கள் பெரிதும் மகிழவில்லை. அவர் கொண்டுவந்திருந்த வொக்ஸ் ஏ.சி. 30 பெட்டியைக் கண்டே மகிழ்ந்தனர். இதனைப் பிற்காலத்தில் வைமனே நகைச்சுவையோடு கூறியிருக்கிறார். அக்குழுவில் அவர் முப்பது ஆண்டு காலம் வாசித்தார். ஒருவருக்குப் பெட்டியால் வாழ்வு வந்தது; ஒருவருக்குப் பெட்டியால் வாழ்வு போயிற்று.

முதியவரிடம் விடைபெற்று வைற்சப்பல் வீதிவரை நடந்தோம். லிவர்பூல் இளைஞர்களுக்குத் தவணை முறையில் வாத்தியங்கள் விற்ற பிராங்க் ஹெசியின் கடை இதன் அருகில் இருந்தது, இன்று இல்லை. பீற்றில்ஸ் இளைஞர்கள் அங்கே வைத்திருந்த கடன் நிலுவையை அவர்களுடைய முகாமையாளர் பிறயன் எப்ஸ்ரைன் செலுத்தித் தீர்த்தார்.

விலைக்கு வாங்க முடியாததைக் கையாற் செய்தவர்களும் இந்நகரில் இருந்தனர். அவருள் முதன்மையானவர் அட்றியன் பாபர். 'பிக் திறீ' என்னும் குழுவின் கிற்றார்க் கலைஞர். பதினைந்து அங்குல ஸ்பீக்கரை உள்ளே பொருத்தி, ஆள் உயரத்தை நெருங்கும் மரப்பெட்டிகளை அவர் செய்தார். அவற்றின் தோற்றத்தைக் கண்டு 'சவப்பெட்டி' என்றே நகரத்தார் பெயர் வைத்தனர். பிக் திறீ குழுவினர் லிவர்பூலிலே மிக உரத்து வாசிப்பவர்கள் எனப் பெயர் பெற்றமைக்கு இப்பெட்டிகளே காரணம். பீற்றில்ஸ் குழுவிற் பேஸ் வாசித்த போல் மக்காட்னியும் ஒரு சவப்பெட்டியைப் பெற்று வாசித்தார். பின்னர் பாபர் அமெரிக்கா சென்று ஒலிப்பதிவுத் துறையிற் புகுந்து, ஓல்மன் சகோதரர் குழுவின் முதல் இசைத்தட்டை 1969இல் தயாரித்தார்.

லண்டனில் ஒரு மாலை

மறுநாள் லண்டனுக்குத் திரும்பி, சென் ஜோன்ஸ் வுட் நிலையத்தில் இறங்கி அபே வீதிக்கு நடந்தோம். உயர்ந்த மரங்களும் அமைதியான வீடுகளும் உள்ள வீதி. அங்கே மூன்றாம் இலக்க வீடுதான் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக் கலையகம். 1931 நவம்பரில் இசைமேதை எட்வேட் எல்கார் இதனைத் திறந்து வைத்தார். வெளியே கோடிட்ட பாதசாரிக் கடவையில், 1969இல் எடுக்கப்பட்ட பீற்றில்ஸ் இசைத்தட்டு அட்டைப் படத்தைப் போல நடந்து படம்பிடிப்போர் கூட்டம். வாகனச் சாரதிகள் பொறுமையோடு காத்திருந்தனர். நாம் கடவையில் நிற்கவில்லை. கட்டடத்தையே நோக்கி நின்றோம்.

1962 ஜூன் 6ஆம் திகதி மாலை பீற்றில்ஸ் குழுவினர் இப்படிகளின் மேல் தமது பெட்டிகளைத் தூக்கிச் சென்றனர். வேறு இசைத்தட்டு நிறுவனங்கள் அவர்களை மறுத்துவிட்டிருந்த காலம் அது. அன்றைய ஒலிப்பதிவில் அவர்களின் எதிர்காலமே தங்கியிருந்தது. ஒலியமைப்பாளர் நோமன் சிமித், தொழில்நுட்ப உத்தியோகத்தர் கென் ரவுன்சென்ட் ஆகிய இருவரும் பின்னாளிற் கூறிய நினைவுகளால் அன்றைய மாலையை நாம் அறிகிறோம்.

வர்ணம் பூசாத அம்மரப்பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்ததும் எழுந்தது இசையன்று, இரைச்சல். ஜோன் லெனனின் பெட்டி கடகடத்தது. கயிற்றினாற் கட்டி அடக்கினார்கள். மக்காட்னியின் பேஸ் பெட்டியோ எதற்கும் அடங்கவில்லை. கவேர்ன் நிலவறையின் ஆரவாரத்தில் எவரும் கவனியாத முழக்கம், கலையகத்தின் மௌனத்திற் பூதாகரமாய் ஒலித்தது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. இலங்கையிற் போலவே இங்கிலாந்திலும் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. பழுதான இணைப்புகளால் அந்த ஐம்பது சுற்று முழக்கம் பெட்டிக்குள் புகுந்துவிட்டால், அது பேஸ் கிற்றாரின் தாழ்ந்த சுரங்களின் நடுவிலேயே வந்து அமர்கிறது. இரைச்சலை வடித்தெடுத்தால் இசையும் கூடவே போய்விடும். நெல்லுக்குள் கலந்த கல்லைப் பொறுக்கலாம். பாலுக்குள் கலந்த நீரை என்செய்வது?

பெட்டியைக் காரணம் காட்டி அன்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் குறை கூறுவார் எவருமில்லை. ஆனால் ரவுன்சென்டும் சிமித்தும் வேறு வழி நினைத்தனர். கீழே எதிரொலி அறையில் மிகப் பாரமான ரனோய் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அந்த மாலையில் அதற்கு வேறு வேலை இருக்கவில்லை. இருவருமாக அதனைச் சுமந்து வந்தனர். லீக் ரி.எல். 12 ஒலிபெருக்கி ஒன்றை எடுத்து, கிற்றார்க் கம்பியைச் செருகுவதற்கான துளைமுனையை ரவுன்சென்ட் ஈயத்தாற் பற்றவைத்தார். மக்காட்னி தந்தியை மீட்டினார். பேஸ் தெளிவாகக் கேட்டது.

நான்கு பாடல்கள் பதிவாயின. அவற்றுள் 'லவ் மீ டூ' என்ற பாடலைக் கேட்டதும், தேநீர்ச்சாலையிலிருந்த தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினை அழைத்துவர ஆளனுப்பினார் சிமித். பதிவு முடிந்தபின் இளைஞர்களை மேலறைக்கு அழைத்து, அவர்களின் கருவிகளுடைய சீர்கேட்டைப் பற்றி நீண்ட உபதேசம் செய்தார்கள். அவர்கள் வாய் திறவாது நின்றனர். ஈற்றில், "உங்களுக்கு ஏதேனும் பிடிக்காதிருந்தால் சொல்லுங்கள்" என்றார் மாட்டின். ஜோர்ஜ் ஹரிசன் அவரை ஏற இறங்கப் பார்த்து, முதலில் உமது கழுத்துப்பட்டியே எமக்குப் பிடிக்கவில்லை என்னும் கருத்துப்படக் கூறினார். அறை முழுவதும் சிரிப்பு. பாட்டைக் காட்டிலும் அந்தச் சிரிப்பே அவர்களை மாட்டினுக்கு நெருக்கமாக்கியது என்பர். 'லவ் மீ டூ' மீண்டும் பதிவு செய்யப்பட்டு, அக்டோபர் 5ஆம் திகதி இசைத்தட்டாக வெளிவந்தது.

மக்காட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய ஹொப்னர் பேஸ் கிற்றார் 1972இற் களவு போயிற்று. அதனை ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்த செய்தி 2024 பெப்ரவரியில் உலகெங்கும் பரவியது. கருவியைத் தேடுவார் உளர். அதற்குக் குரல் கொடுத்த பெட்டியையோ, அப்பெட்டியின் குறையைத் தம் கையால் மறைத்தவர்களையோ நினைப்பார் சிலரே. ரவுன்சென்ட் பின்னர் அக்கலையகத்தின் நிர்வாகியாகவே உயர்ந்தார் என்பது எமக்கு மகிழ்ச்சி தந்தது.

கவேர்ன் முதியவரிடம் இந்த ஈயம் பற்றவைத்த கதையை நாம் சொல்லியிருந்தோம். அவர் அதனை முன்பே அறிவார். "அந்த வீட்டுக்கு நான் போனதேயில்லை. நீங்கள் போனால் அந்த மனிதரை என் பொருட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேவாலய மண்டபத்தில் அப்படி ஒருவர் இருக்கவில்லை" என்று மட்டும் கூறினார்.

கலையகத்தின் வெளிமதிலில் வருவோரெல்லாம் தம் பெயரை எழுதிச் செல்கின்றனர். எழுத்து நிறைந்ததும் மதிலுக்கு மீண்டும் வெள்ளையடிக்கிறார்கள். பெயர்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் கண்டோம். பேனாவை எடுத்து, சுவரைப் பார்த்து நிற்கும் சிறிய பெட்டி ஒன்றை அங்கே வரைந்தோம். கீழே பெயர் எதுவும் எழுதவில்லை. மழை தூறத் தொடங்கியது. நிலையத்தை நோக்கி நடந்தோம்.