விசிட்டிங் கார்டு இல்லாத மாதங்கள்

2001 மார்ச் 31 அன்று கரூர் கிளையின் சாவிகளை அடுத்த மேலாளர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வயது 47. பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்திருந்த நேரம். 15 வருட சர்வீஸோ 40 வயதோ ஆகியிருந்தால் எழுதிக் கொடுக்கலாம். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வுபெற மீதியிருக்கும் மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது கிடைக்கும். நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் அப்படி வெளியே வந்தோம். பணத்தைப் பற்றி எல்லாம் விவரமாகச் சொன்னார்கள். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “சார் எந்த பிராஞ்ச்?” என்றார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கார்டு இல்லை. “கரூர்ல இருந்தேன்” என்றேன். அந்த ‘இருந்தேன்’ பல நாள் தொண்டையில் நின்றது.

எங்களுக்குப் பயிற்சி வகுப்பெடுத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் திருச்சியில் இருந்தார். இரண்டு பக்க பயோடேட்டாவோடு போனேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

“மேனேஜரா இருந்தீங்க, அது இதுல இருக்கு. எந்த வேலை செய்யறப்ப நேரம் போனது தெரியலை? அதைச் சொல்லுங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் பேசவில்லை. எத்தனையோ வருடம் மற்றவர்களுக்குப் பதில் சொல்லியே பழகியவனுக்கு அந்த மௌனம் பெரிய பாரமாக இருந்தது. அதை அவர் கலைக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

கடைசியில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கடன் கேட்டவர் இடத்துக்கு நேரில் போய், தகரம் வெட்டும் சத்தத்துக்கு நடுவே நின்று பார்ப்பேன். எத்தனை சேசிஸ் பாதி வேலையில் நிற்கிறது, எதற்கு அட்வான்ஸ் வந்திருக்கிறது, ஆட்களுக்குக் கூலி பாக்கியா? ஒரு மணி நேரத்தில் அந்தத் தொழிலின் நாடி பிடிபட்டுவிடும். சொல்லச் சொல்ல எனக்கே குரல் மாறியது. “இதுக்கு அந்த நாற்காலி வேணுமா?” என்று கேட்டார் பெரியவர்.

எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் இதை நங்கூரம் என்றார் எனப் பிற்பாடு படித்தேன். எந்த நிலை வந்தாலும் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வராத ஒன்று.

வேலை விஷயமாகப் பேசிப் பார்க்க, அடுத்த முறை பத்துப் பேர் பெயர் எழுதி வரச் சொன்னார் பெரியவர். நெருங்கிய நண்பர்களை எழுதிப் போனேன். “எப்பவாவது பார்க்கறவங்களை எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். பாஸ்டன் பக்கத்து நியூட்டனில், வேலை மாறிய மேலாளர்களையும் தொழில் வல்லுநர்களையும் விசாரித்து சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்ப்பவரால் பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவரால் பெற்றவர்கள் 55.6 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே. வருடக் கணக்கு முடிக்கும்போது மட்டும் கிளைக்கு வந்துபோன ஆடிட்டர் ஒருவர்தான் எனக்கு வழி காட்டினார். சிறு பட்டறைக்காரர்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் வேலை அப்படித் தொடங்கியது.

இப்போது நானும் வேலை இழந்து வரும் சிலரோடு உட்காருகிறேன். பெரும்பாலும் ஐ.டி. மேனேஜர்கள், நாற்பத்தைந்தைத் தொட்டவர்கள். முதல் நாள் பயோடேட்டாவைத் திருத்த உட்காருவது தவறு என்பது என் திடமான எண்ணம். முதலில் வீட்டுக்கடன் தவணையையும் பிள்ளைகளின் ஃபீஸையும் காகிதத்தில் எழுதுவோம். எத்தனை மாதம் தாங்கும் என்று பார்ப்போம். அந்தப் பயம் கொஞ்சம் இறங்காமல் யாராலும் யோசிக்க முடியாது. மனைவியையும் கூட்டி வரச் சொல்வேன்.

போன வாரம் வந்தவர், “அறுபது பேர் டீம் சார் என்னுது” என்று மூன்று தடவை சொன்னார். பெரியவரின் கேள்வியைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“புதுசா காலேஜ்ல இருந்து வர்ற பசங்க இருப்பாங்க சார். ராத்திரி அவங்க பக்கத்துல உக்காந்து...” என்று ஆரம்பித்தார்.