சி3-ல் வைத்த யானை

காலை எட்டரைக்கே மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்பதால் மேடையில் மணவறை இருக்க வேண்டிய இடத்தில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. கீழே நீள மேஜைகள், வெள்ளைத் துணி, அதன்மேல் சதுரங்கப் பலகைகள். சுவரில் ஒட்டிய பேரிங் தாளைச் சுற்றிப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். யாருக்கு யார் எதிராளி, எந்தப் போர்டு, வெள்ளையா கறுப்பா என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. பெற்றோர்கள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் போட்டியில் இன்று இரண்டாம் நாள், நான்காவது ரவுண்டு. சுவிஸ் முறை என்பதால் ஒரே புள்ளியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டும். வயது கணக்கில் இல்லை. நாற்பத்தாறு வயதான எனக்கு எதிரே உட்கார்ந்தவனுக்குப் பதினொன்று இருக்கும். கைகொடுத்துவிட்டு, என் பெயரை ஸ்கோர்ஷீட்டில் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொண்டான்.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு ரேட்டிங் பெரிய விஷயம். 2024 மார்ச்சில் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கும் அவரவர் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு நாற்பதைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1200-ல் இருந்த நான் அப்படித்தான் 1520 ஆனேன். எண்ணை அவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்தை நான்தான் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்காகப் பெரிய போட்டிகளின் ஆட்டங்கள் ஒன்றையும் விடாமல் பார்த்து வந்தேன்.

அர்பிட்டர் சொன்னதும் கறுப்பு ஆடுபவர்கள் கிளாக்கைத் தட்டுகிறார்கள். ஆளுக்கு அறுபது நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதல். இருநூறு பேர் இருக்கும் கூடத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்கிறது.

நாற்பது நகர்த்தல்கள் சமமாகவே போயின. பலகையில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான். எனக்கு டி3-ல் ராஜா, பி3-ல் யானை, டி4, ஜி2, ஹெச்2-ல் சிப்பாய்கள். பையனுக்கு டி5-ல் ராஜா, சி6-ல் யானை, ஏ6, ஜி7, ஹெச்7-ல் சிப்பாய்கள். ஆளுக்கு மூன்று சிப்பாய். யானைகளை வெட்டிக்கொண்டால் ஆட்டம் சமன் என்று மனம் சொன்னது. யானையை எடுத்து சி3-ல், அவன் யானைக்கு நேர் எதிரே வைத்தேன். பையன் யானையை வெட்டினான். நான் ராஜாவால் திருப்பி வெட்டினேன். அவன் ஏ சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினான்.

அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன். அந்தச் சிப்பாயைத் தடுக்க என் ராஜா இடது ஓரத்துக்குப் போயே ஆக வேண்டும். நான் நகர்ந்த மறுகணம் டி4 சிப்பாய் அவன் ராஜாவின் வாயில் விழும். நான் ஓரத்துச் சிப்பாயை எடுப்பதற்குள் அவன் ராஜா இ3, எஃப்2 என்று இறங்கிவிடும். ஜி2, ஹெச்2 இரண்டும் போகும். சிப்பாய் எண்ணிக்கை சமம்தான். ஆனால் அவனுடையது தூரத்தில் நிற்கும் சிப்பாய், அது என் ராஜாவை இழுத்துப் போய்விடும். பத்து நகர்த்தல்கள் கழித்துக் கிளாக்கை நிறுத்திக் கைகொடுத்தேன்.

"அனலைஸ் பண்ணலாமா அங்கிள்?" என்றான்.

சதுரங்கப் போட்டிகளில் பாடம் நடக்கும் இடம் ஆட்டக் கூடம் அல்ல. அங்கே பேசக் கூடாது. முடித்தவர்கள் கீழே டைனிங் ஹாலுக்கு இறங்குகிறார்கள். பந்தி மேஜைகளின் மேல் சுருட்டி எடுத்து வந்த வினைல் பலகைகளை விரிக்கிறார்கள். ஒரு மேஜையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே நகர்த்தலுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அடுத்த மேஜையில் ஒரு அப்பா, தோற்று வந்த மகளிடம் ஒன்றும் கேட்காமல் தயிர்சாதத்தைத் திறந்து வைக்கிறார். அவளாகவே காய்களை அடுக்கத் தொடங்குகிறாள்.

நாங்கள் அடுக்கிய நிலையைப் பார்த்து எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். இந்தப் போட்டியில் எங்களோடு ஆடுகிறவர்தான்.

"யானைய இங்க வெச்சப்போ உனக்கு என்ன தோணிச்சு கண்ணா?" என்று பையனைக் கேட்டார்.

"சிங்கப்பூர் கேம் ஞாபகம் வந்துச்சு தாத்தா. டிங் எஃப்2-ல வெச்ச மாதிரியே இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. 2024 டிசம்பர் 12, உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். டிங், குகேஷ் இருவரும் ஆறரைப் புள்ளியில் இருந்தார்கள். அந்த ஆட்டத்தை அலுவலகத்தில் விடுப்பு எடுத்து முழுவதும் பார்த்தவன் நான். டிங் லிரன் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-ல் வைத்ததையும், குகேஷ் தண்ணீர் பாட்டிலை நோக்கிக் கையை நீட்டிவிட்டு மறுபடி பலகையை உற்றுப் பார்த்ததையும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆன நம் ஊர்ப் பிள்ளை கண்கலங்கியபோது நானும் கலங்கினேன்.

பெரியவர் காய்களைக் கலைத்து அந்த நிலையை அடுக்கினார். டிங்கிடம் ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு சிப்பாய். குகேஷிடம் யானை, மந்திரி, இரண்டு சிப்பாய். ஒரு சிப்பாய் குறைவென்றாலும் யானையும் மந்திரியும் பலகையில் இருக்கும்வரை டிங்கால் தாக்குப்பிடிக்க முடியும்.

யானைகளை வெட்டிக்காட்டி, "யானை போச்சு. இப்ப மந்திரி எங்க இருக்கு பாருங்க தம்பி" என்றார்.

டிங்கின் மந்திரி ஏ8-ல், பலகையின் மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு சாய்வுப் பாதைதான் உண்டு. குகேஷ் தன் மந்திரியை டி5-ல், அதே பாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். டிங்கின் மந்திரி அந்தப் பாதையில் எங்கே நின்றாலும் வெட்டுப்படும். ஒதுங்க வேறு பாதை இல்லை. ஆகவே மந்திரிகளும் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். பிறகு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். ஒன்றுக்கு இரண்டு. 58-வது நகர்த்தலில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

மந்திரி மூலையில் நின்றதை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. வர்ணனையாளர்களின் கூச்சலும் திரையோரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டிய பட்டை சட்டென்று சரிந்ததும்தான் என் நினைவில் இருந்தன. கணினி சொன்னதால் அது தவறு என்று எனக்குத் தெரியும். ஏன் தவறு என்று தெரியாது.

பையனுக்குத் தெரிந்திருந்தது. "எங்க சார் கம்ப்யூட்டர் போட விடமாட்டாரு. போர்டுல வெச்சு ஆடணும். ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி நான் என்ன ஆடுவேன்னு எழுதி வெச்சுட்டுதான் அடுத்தத பாக்கணும். இந்த கேம்ல டி5 எனக்கு கிடைக்கல. அதனாலதான் மறக்கல."

2025 ஜூன் 1-ம் தேதி நார்வேயில் நடந்த போட்டியில் குகேஷிடம் தோற்ற சதுரங்க வீரர் கார்ல்சன் மேஜையைக் குத்தியதை உலகமே பார்த்தது. நானும் பார்த்தேன். அதற்கு முன்னால் குகேஷ் தோற்கும் நிலையில் எத்தனை நேரம், எந்தெந்த நகர்த்தல்களால் தாங்கி நின்றார் என்பதைப் பலகையில் வைத்துப் பார்க்கவில்லை. நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருந்தது. ஆட்டத்தைக் காண்பது வேறு, கற்பது வேறு. விரலால் காயை நகர்த்தி, இது சரி என்று நாமே ஒரு முடிவெடுத்து, அது தவறிப்போனால்தான் ஒரு ஆட்டம் நமக்குள் இறங்குகிறது.

எங்கள் ஆட்டத்துக்குத் திரும்பினோம். சி3-க்குப் பதிலாக யானையை பி7-க்கு அனுப்பியிருக்கலாம் என்று பையன் காட்டினான். அங்கிருந்து ஜி7 சிப்பாயைத் தாக்கும், அவன் யானை காவலுக்குப் போக வேண்டிவரும், சமனுக்குப் போராட எனக்கு வழி இருந்திருக்கும். "ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுற ஆட்டத்துல திரும்பி வர வழி கிடையாது தம்பி. உள்ள போறதுக்கு முன்னாடியே கடைசி வரைக்கும் எண்ணிடணும்" என்றார் பெரியவர். ஸ்கோர்ஷீட்டின் கார்பன் நகலில் 41-வது நகர்த்தலைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது ரவுண்டில் சமன். ஆறாவது ரவுண்டில் ஒரு கல்லூரி மாணவர் எதிராளி. மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. பாதி மேஜைகள் காலி. எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. அவர் யானையை என் யானைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். என் கை தானாகவே காயை நோக்கிப் போனது. தொட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

வெட்டினால் அவர் ராஜா வெட்டும். என் ராஜா எங்கே, அவருடைய தூரத்துச் சிப்பாய் எங்கே, அது கடைசிக் கட்டத்தை அடைய எத்தனை நகர்த்தல், எனக்கு எத்தனை? ஒரு தடவை எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். கிளாக்கில் ஆறு நிமிடம் ஓடியது. ஒரு நகர்த்தல் எனக்குப் போதவில்லை. யானையை வெட்டாமல் ஒதுக்கி, அவர் சிப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தச் சிப்பாய் நகர நகர என் யானைக்கு இடம் கூடியது. எழுபத்திரண்டாவது நகர்த்தலில் அவர் சமனுக்குக் கேட்டார். கைகொடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், பையன் கையில் ஒரு சின்னக் கோப்பையோடு கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். வெளியே வந்ததும் கேட்டான்.

"யானைய வெட்டலையே அங்கிள். எண்ணிட்டீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணினேன்."

கோப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பலகையை விரிக்க இடம் தேடி எனக்கு முன்னால் படியிறங்கினான்.